ஒரே விசுவாசம் கொண்ட எழுத்தாளர்களோடு இருப்பது புதிய நாவலாசிரியருக்கு உதவுமா?

நாவல் எழுத முயலும் ஒருவர் கிறிஸ்தவப் புனைகதை எழுதுவோரின் குழுவில் சேர்ந்தால் அவருடைய எழுத்து வளருமா, அல்லது எல்லோரும் ஒரே நம்பிக்கை உடையவர்கள் என்பதால் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டு அங்கேயே தேங்கிவிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் நாவலை இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் நான் அத்தகைய ஒரு சிறு குழுவில் சில ஆண்டுகளாக இருந்து வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

வளரும் என்பதே என் பதில். ஆனால் அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் எனக்கு முழுமையானதாகத் தோன்றவில்லை. ஊக்கம் கிடைக்கும், தனிமை குறையும், ஒருவருக்காக ஒருவர் ஜெபிப்பார்கள் என்பார்கள். அவை உண்மைதான், எனினும் அவற்றை நல்ல நண்பர் எவரும் தர முடியும். சக விசுவாசியான எழுத்தாளர் மட்டுமே தரக்கூடியது வேறொன்று இருக்கிறது. விசுவாசத்தைப் பற்றி நாம் எங்கே பொய்யாக எழுதியிருக்கிறோம் என்பதை அவரால் கண்டுபிடிக்க முடியும். ஒரு பாத்திரம் ஜெபிக்கும் காட்சியைப் பொதுவான இலக்கியக் குழுவில் வாசித்துக் காட்டினால், பெரும்பாலும் மரியாதையின் பொருட்டு அதைத் தொடாமல் விட்டுவிடுவார்கள்; இல்லாவிட்டால் பிரசங்க நெடி அடிக்கிறது, எடுத்துவிடுங்கள் என்பார்கள். இரண்டாலும் அந்தக் காட்சி மேம்படுவதில்லை. ஜெபித்துப் பழகியவர்தான், அந்த நிலையில் இருக்கும் ஒரு மனிதர் இப்படி ஜெபிக்க மாட்டார் என்று சொல்ல முடியும்.

ஒருமுறை எங்கள் குழுவில் ஓர் இளைஞர் தம் நாவலின் மருத்துவமனை அத்தியாயத்தை வாசித்தார். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் தாய், மகனுக்காக ஒன்றரைப் பக்கத்துக்கு ஜெபிக்கிறாள்; வசனங்கள் வரிசையாக வருகின்றன; மறுநாள் காலையில் மகன் கண் விழிக்கிறான். நடை அழகாகவே இருந்தது, சிலருடைய கண்களும் கலங்கின. அப்போது கணவரை இழந்த ஒரு மூத்த சகோதரி பேசினார். “தம்பி, அந்த வாசலில் நான் நின்றிருக்கிறேன். ஒரு வசனம்கூட நினைவுக்கு வரவில்லை. எதிர்ச் சுவரில் தொங்கிய தீயணைப்பான் மேல் ஒட்டியிருந்த தேதியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். உன் கதையில் பையன் பிழைக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அவன் அம்மா இவ்வளவு ஒழுங்காக ஜெபித்ததால்தான் பிழைத்தான் என்று எழுதினால், என் வீட்டுக்காரர் ஏன் பிழைக்கவில்லை என்று உன்னைக் கேட்பேன்” என்றார்.

அந்த இளைஞர் அத்தியாயத்தை முழுவதுமாகத் திருத்தி எழுதிக்கொண்டு வந்தார். ஜெபம் ஒரே வரியாகச் சுருங்கியிருந்தது. மகன் பிழைக்கிறான், பக்கத்துக் கட்டிலில் இருந்த சிறுவன் இறந்துபோகிறான். சில வாரங்களுக்குப் பின் சபையில் சாட்சி சொல்ல அழைக்கப்படும் தாய், அந்தச் சிறுவனின் தாயும் எங்கோ ஒரு சபையில் உட்கார்ந்திருப்பாள் என்ற எண்ணத்தில் எழுந்திருக்க முடியாமல் இருக்கிறாள். நாவலின் மிகச் சிறந்த பகுதி அதுவே என்று நான் நினைக்கிறேன். சகோதரி கேட்ட கேள்வியை நம்பிக்கை இல்லாத ஒருவர் கேட்டிருந்தால், எழுதியவர் தம் விசுவாசத்தைக் காத்துக்கொள்ளும் முயற்சியில் இறங்கியிருப்பார். கதை அப்படியே இருந்திருக்கும். கேட்டவர் அதே விசுவாசத்தில் நின்று, இழந்த பிறகும் அதை விடாமல் இருப்பவர் என்பதால் கேள்வி நேராகக் கதைக்குள் சென்றது. கத்தோலிக்க எழுத்தாளரான ஃபிளானரி ஓ’கானர், சமய நாவல்கள் மோசமாகப் போவதற்குச் சொன்ன காரணமும் இதுதான்: விசுவாசம் இருப்பதாலேயே கண்ணெதிரே உள்ள நிஜத்தை ஊடுருவிப் பார்க்கும் கடமையிலிருந்து தமக்கு விலக்கு உண்டென்று எழுதுபவர் எண்ணிவிடுகிறார்.

இன்னொரு பயனும் உண்டு. எங்கள் குழுவில் கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே சபையினர், பழைய சீர்திருத்தச் சபைகளைச் சேர்ந்தவர்கள் என எல்லோரும் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாரும் ஒன்றுபோலத் தெரியலாம். எழுதும்போது வேற்றுமைகள் பெரிதாகத் தெரிகின்றன. சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த ஒருவர் எழுதிய குற்றவியல் நாவலில், கொலையாளியின் பாவசங்கீர்த்தனத்தை, அதாவது குருவிடம் தனியே செய்யும் பாவ அறிக்கையை, கேட்ட குரு மனம் பொறுக்காமல் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லிவிடுவார். எங்கள் குழுவின் கத்தோலிக்கர் ஒருவர் இது நடக்கவே முடியாதது என்று விளக்கினார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும் குரு வெளியிடக் கூடாது. ஓர் உயிரைக் காப்பாற்றுவதற்காகக்கூட விதிவிலக்கு இல்லை. அறிந்தே நேரடியாக வெளியிடுபவர் அந்தச் செயலாலேயே சபை விலக்குக்கு உள்ளாகிறார். அதை நீக்கும் அதிகாரம் உரோமையில் உள்ள பாப்பரசரின் திருப்பீடத்துக்கே உண்டு. பாவசங்கீர்த்தனத்துக்கு வெளியே, அறிக்கையிட்டவனிடமே அவன் அனுமதியின்றி அந்தப் பேச்சை எடுக்கவும் கூடாது. எழுதியவர் முதலில் கதையே உடைந்துவிட்டதே என்று கலங்கினார். பிறகு பார்த்தால் அவருக்கு முன்பைவிட வலிமையான கதை கிடைத்திருந்தது. நிரபராதி ஒருவன் மீது வழக்கு நடக்கிறது, உண்மை தெரிந்த குரு வாய் திறக்க முடியாது, கொலையாளி ஒவ்வொரு ஞாயிறும் முன்வரிசையில் வந்து உட்காருகிறான்.

ஒரே விசுவாசம் இருந்தால் ரசனையும் ஒன்றாகிவிடும் என்ற உங்கள் அச்சத்துக்கு வரலாற்றிலேயே நல்ல பதில் இருக்கிறது. 1930களிலும் 1940களிலும் ஆக்ஸ்ஃபோர்டில் இங்க்லிங்ஸ் என்ற நண்பர் குழு இருந்தது. மாட்லன் கல்லூரியில் எழுத்தாளர் சி. எஸ். லூயிஸின் அறையில் வியாழக்கிழமை இரவுகளில் கூடி, எழுதிக்கொண்டிருப்பதை உரக்க வாசித்து விவாதித்தார்கள். அவர்களில் ஹியூகோ டைசன், 1931 செப்டம்பரில் அதே குழுவின் எழுத்தாளரான டோல்கீனோடு சேர்ந்து ஓர் இரவு முழுவதும் லூயிஸோடு பேசி, அவர் கிறிஸ்தவ விசுவாசத்துக்கு வருவதற்குக் காரணமானவர். அதே டைசனுக்கு டோல்கீனின் மோதிரக் கதை (‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’) சற்றும் பிடிக்கவில்லை. அவர் வந்திருக்கும் நாட்களில் அது வாசிக்கப்படாமல் போகும் நிலைகூட ஏற்பட்டது. டோல்கீனுக்கோ லூயிஸ் சிறுவர்களுக்காக எழுதிய நார்னியாக் கதைகள் பிடிக்கவில்லை. இவ்வளவு கருத்து வேற்றுமைக்கு நடுவிலும், லூயிஸ் தமக்குச் செய்த உதவி இலக்கியச் செல்வாக்கு அன்று, வெறும் ஊக்கம்தான் என்றும், நெடுங்காலம் தமக்கு இருந்த ஒரே வாசகர் அவரே என்றும் டோல்கீன் பிற்காலத்தில் நன்றியோடு எழுதினார். மோதிரக் கதை 1954இலும் 1955இலும் மூன்று பகுதிகளாக வெளிவந்தது. ஆகவே ஊக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பல ஆண்டுகள் முடியாமல் இழுக்கும் ஒரு வேலைக்கு, அடுத்த அத்தியாயம் எங்கே என்று கேட்கும் ஒரு மனிதர் அவசியம்.

கிறிஸ்தவ எழுத்தாளருக்கு இந்த ஊக்கம் ஏன் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இலக்கிய நண்பர்கள் நம்மைச் சபை எழுத்தாளர் என்று ஒதுக்குவார்கள். சபையில் இருப்பவர்கள், கற்பனைக் கதை பொய்தானே, அந்த நேரத்தை ஊழியத்துக்குக் கொடுக்கலாமே என்பார்கள். இதுவும் புதிதன்று. சிறையிலிருந்தவாறு மோட்சப் பிரயாணம் என்ற உருவகக் கதையை எழுதிய ஆங்கிலேயர் ஜான் பனியன், 1678இல் அது அச்சேறியபோது அதன் செய்யுள் முன்னுரையில், கைப்பிரதியைப் படித்தவர்களில் சிலர் அச்சிடு என்றதையும் சிலர் வேண்டாம் என்றதையும், சிலர் நன்மை விளையும் என்றதையும் சிலர் விளையாது என்றதையும் பதிவு செய்திருக்கிறார். கதையாகவும் உருவகமாகவும் சொல்வது வேதத்திலேயே உள்ள வழி என்று வாதாடிவிட்டு, அச்சிடவே தீர்மானித்தார். அந்தக் கதையைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் தமிழுக்குக் காப்பியமாகக் கிடைத்தது. வேண்டாம் என்ற நண்பர்களின் பேச்சைப் பனியன் கேட்டிருந்தால் இரண்டு நூல்களுமே நமக்கு இல்லை. சபையில் ஒருவர் நம்மிடம் இந்தக் கேள்வியைக் கேட்டு மனம் சோர்ந்து வரும் வாரங்களில், எதையும் விளக்க வேண்டிய தேவை இல்லாத ஓர் இடத்தில் உட்கார்ந்து, மூன்றாம் அத்தியாயத்தின் உரையாடலைப் பற்றி மட்டும் பேசுவது எவ்வளவு ஆறுதல் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

இனி ஆபத்துகள். முதலாவது, இது கர்த்தர் எனக்குக் கொடுத்த கதை என்று சொல்லிவிட்டு வாசிக்கத் தொடங்குவது. அப்படிச் சொன்ன பிறகு ஒரு காற்புள்ளியை மாற்றச் சொல்லவும் யாருக்கும் துணிவு வராது. அழைப்பைப் பற்றி நான் சந்தேகம் எழுப்பவில்லை. எனக்கும் அந்த அழைப்பு இருப்பதாகவே நம்புகிறேன். ஆனால் அழைக்கப்பட்டவரும் தொழிலைக் கற்றுத்தான் ஆக வேண்டும். ஆகவே தாள்கள் மேசைக்கு வந்த பிறகு தாளில் இருப்பதை மட்டுமே பேசுவது என்று எங்கள் குழுவில் ஒப்புக்கொண்டிருக்கிறோம். அதோடு, ஜெபத்தைக் கூட்டத்தின் தொடக்கத்துக்கு மாற்றிக்கொண்டோம். முடிவில் ஜெபித்தபோது, கடுமையாக விமர்சித்தவரே ஜெபத்தில் அந்தக் கைப்பிரதியை மிகவும் புகழ்ந்து சமாதானம் செய்துவிடுவார். எழுதியவர் வீட்டுக்குப் போகும்போது புகழ்ச்சி மட்டும்தான் நினைவில் நிற்கும்.

இரண்டாவது ஆபத்து முடிவுகளில் இருக்கிறது. எல்லாப் பாத்திரங்களும் கடைசி அத்தியாயத்தில் மனந்திரும்பியாக வேண்டும் என்ற எழுதப்படாத சட்டம் நம்மை அறியாமல் நம்மிடம் வேலை செய்கிறது. அமெரிக்காவில் கிறிஸ்தவப் புத்தக விற்பனையாளர்களுக்கென 1950இலும், கிறிஸ்தவப் புனைகதை எழுத்தாளர்களுக்கென 2000இலும் சங்கங்கள் தொடங்கப்பட்டு, தனிச் சந்தையே உருவாகியிருக்கிறது. அந்தச் சந்தையில் வசைச் சொல் கூடாது, படுக்கையறைக் காட்சி கூடாது, முடிவில் நம்பிக்கை ஒளி வேண்டும் என்ற எதிர்பார்ப்புகள் வலுவாக உள்ளன. வசைச் சொல் இல்லாமல் ஒரு குடிகாரனின் கோபத்தை எழுதுவது கடினமான பயிற்சி, அதனால் நன்மையும் உண்டு. மனந்திரும்புதலைக் கட்டாயமாக்குவது வேறு விஷயம். லூக்கா 15ஆம் அதிகாரத்தில் இளைய குமாரன் வீட்டுக்குத் திரும்பிவிட்டான், விருந்தும் தொடங்கிவிட்டது. மூத்தவன் கோபித்துக்கொண்டு வெளியே நிற்கிறான், தகப்பன் வெளியே வந்து வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா இல்லையா என்று இயேசு சொல்லவில்லை. என் நாவலின் தகப்பன் பாத்திரத்தை நான் மனந்திரும்பச் செய்யாமல் விட்டபோது குழுவில் சிலர் வருத்தப்பட்டார்கள். இந்த உவமையை நினைவூட்டி என் பக்கம் பேசியவர் எங்களில் மிகவும் கண்டிப்பான சபையைச் சேர்ந்தவர். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

பொறாமையைப் பற்றியும் ஒரு சொல். கூடவே எழுதிக்கொண்டிருந்த ஒருவரின் நாவலைப் பதிப்பகம் ஏற்றுக்கொண்ட செய்தி வரும் நாளில், மற்றவர்களுக்கு உள்ளே ஏதோ சுருங்கும். நமக்குள் அதை மறைக்கப் பரிசுத்தமான வார்த்தைகள் நிறைய இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு நாளில் எங்களில் ஒருவர், “இன்றைக்கு என்னால் மனதார வாழ்த்த முடியவில்லை, அடுத்த கூட்டத்தில் வாழ்த்துகிறேன்” என்று வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த கூட்டத்தில் வாழ்த்தவும் செய்தார். அவர்கள் இருவரும் இன்றும் ஒருவர் கைப்பிரதியை மற்றவர் முதலில் படிக்கிறார்கள்.

இந்தக் குழு ஒன்றே போதுமா என்றால், போதாது என்பேன். நாம் எழுதாமல் விட்டதையும் சக விசுவாசிகள் தாமாக நிரப்பிக்கொண்டு படித்துவிடுவார்கள். ஞானஸ்நானம் என்று எழுதினால் அவர்கள் மனதில் தண்ணீரும் பாட்டும் சாட்சிகளும் வந்துவிடும். வேறு நம்பிக்கை உடைய வாசகருக்கு அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கும். எனவே ஒவ்வொரு அத்தியாயத்தையும் சபைக்குத் தொடர்பில்லாத ஒரு நண்பரிடமும் கொடுக்கிறேன். எங்கே புரியவில்லை, எங்கே சலித்தது என்ற இரண்டை மட்டுமே அவரிடம் கேட்கிறேன்.

நீங்கள் ஒரு குழுவைத் தேடுகிறீர்கள் என்றால், முதல் முறை செல்லும்போது எதையும் வாசிக்காமல் உட்கார்ந்து கவனியுங்கள். பலவீனமான ஓர் அத்தியாயத்துக்குப் பிறகு, ஆசீர்வாதமாக இருந்தது என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லாவிட்டால் அது நல்ல ஐக்கியமாக இருக்கலாம். நாவல் எழுதுபவருக்கு அங்கே வேலை இல்லை. குறிப்பாக ஏதேனும் சொல்கிறார்கள் என்றால், அடுத்த முறை உங்கள் நாவலிலிருந்து ஒரு பகுதியை எடுத்துச் செல்லுங்கள். நன்றாகச் செதுக்கிய முதல் அத்தியாயம் வேண்டாம். உங்கள் பாத்திரம் ஜெபிக்கும் பக்கத்தை, அல்லது ஜெபிக்க மறுக்கும் பக்கத்தை எடுத்துச் சென்று வாசியுங்கள். அந்தக் குழுவில் தங்கலாமா என்பது அவர்கள் அதைப் பற்றிப் பேசும் விதத்திலேயே தெரிந்துவிடும்.