எத்தனை வாட் என்று கேளுங்கள்: சின்ன கேமிங் லேப்டாப் வாங்குவோருக்குக் கேள்வி-பதில்

கேள்வி: கோவையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 75,000 ரூபாய்க்குள் 14 அங்குல கேமிங் லேப்டாப் வேண்டும். தினமும் விடுதியிலிருந்து வகுப்புக்குத் தூக்கிப் போக வேண்டும். வாலரன்ட், ஜிடிஏ 5 ஆடுவேன். எல்டன் ரிங் ஆடவும் ஆசை. எதை வாங்கலாம்?

பதில்: தினமும் தூக்கிப் போவேன் என்கிறீர்களே, முடிவு அதில்தான் இருக்கிறது. அசுஸ் ஜெஃபைரஸ் ஜி14, டஃப் ஏ14, எச்பி ஓமன் டிரான்ஸென்ட் 14 போன்றவை தனி கிராபிக்ஸ் சிப் உள்ள 14 அங்குல லேப்டாப்புகள். ஒன்றரை கிலோவுக்குச் சற்று முன்பின் எடைதான். நல்ல பொறிகள், ஆனால் புதிதாக வாங்கினால் விலை லட்சத்தைத் தாண்டிவிடும். சின்ன உடம்புக்குள் அத்தனை சூட்டையும் வெளியேற்ற உலோக உடல், நல்ல ஃபேன், நெருக்கமான ஹீட்சிங்க் (சிப்பின் சூட்டை இழுக்கும் உலோகத் தகடுகள்) எல்லாம் வேண்டும். அந்தச் செலவுதான் விலையில் ஏறுகிறது. உங்கள் தொகையில் நடைமுறைக்கு வருவது இரண்டு வகை.

முதல் வகை, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 அல்லது 4050 கிராபிக்ஸ் சிப் உள்ள 15.6 அங்குல மாடல்கள். மெல்லியவை 2 கிலோவை ஒட்டி இருக்கும், தடித்தவை 2.3 கிலோவுக்கு மேல் போகும். சார்ஜர் தனியாக அரை கிலோ. அகலம் 36 சென்டிமீட்டர் அளவில் வரும், 14 அங்குல லேப்டாப்போ 31, 32-இல் நின்றுவிடும். சாதாரணக் கல்லூரிப் பையின் ஜிப் மூடுமா என்பதை இந்த நாலைந்து சென்டிமீட்டர்தான் முடிவு செய்யும். வாங்குமுன் பையை அளந்து பாருங்கள்.

இரண்டாவது வகையில் தனி கிராபிக்ஸ் சிப் இருக்காது. புராசசருக்குள்ளேயே ரேடியான் 780எம் என்ற கிராபிக்ஸ் பகுதி இருக்கும். ரைசன் 7 7840எச்எஸ், 8845எச்எஸ் புராசசர் உள்ள 14 அங்குல மாடல்கள் இப்படிப்பட்டவை. எடை ஒன்றரை கிலோ அளவு, சின்ன டைப்-சி சார்ஜர் போதும். வாலரன்ட் தாராளமாக நொடிக்கு 100 ஃபிரேமுக்கு (திரையில் மாறும் படங்களுக்கு) மேல் ஓடும். ஜிடிஏ 5 நடுத்தர அமைப்பில் நன்றாக ஓடும். எல்டன் ரிங் தரத்தைக் குறைத்தால் ஓடும், சீராக 60 ஃபிரேம் கிடைக்காது.

வாரத்தில் ஐந்து நாள் தோளில் சுமக்கப் போகிறவருக்கு இரண்டாவதைத்தான் சொல்வேன். ஆனால் ஒரு கண்டிப்பு: ராம் 16 ஜிபி, அதுவும் இரட்டைச் சேனலில் (தரவு இரண்டு பாதைகளில் ஒரே நேரத்தில் போகும்படி) இருக்க வேண்டும். 780எம் தனக்கென்று மெமரி இல்லாமல் ராமைக் கடன் வாங்கி ஓடுவது. ஒற்றைச் சேனலில் பாதை பாதியாகக் குறுகிவிடுவதால் ஃபிரேம் பலமாக அடிவாங்கும். கடையில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைச் சொடுக்கினால் எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் உள்ளது என்று காட்டும், இரண்டு என்றிருந்தால் சரி. போர்டோடு பற்றவைத்த ராம் என்றால் வேகத்துக்குக் கேடில்லை, பின்னால் கூட்ட முடியாது. '8 ஜிபி வாங்கி அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம்' என்ற பழைய யோசனையும் இப்போது செல்லாது. 2025 இறுதியிலிருந்து ராம் விலை ஏறிக் கிடக்கிறது.

கேள்வி: மகனுக்கு லேப்டாப் வாங்க வேண்டும். அவன் 4050 வேண்டும் என்கிறான். கடைக்காரர் '3050-லும் 6 ஜிபி வந்துவிட்டது, இரண்டும் ஒன்றுதான்' என்கிறார். எனக்கு இந்த எண்கள் புரியவில்லை. (தஞ்சாவூரிலிருந்து ஒரு தந்தை)

பதில்: இரண்டும் ஒன்றல்ல ஐயா. 6 ஜிபி என்பது வீடியோ மெமரியின் அளவு. சிப்பின் வேகம் வேறு சங்கதி. 4050 அடுத்த தலைமுறைச் சிப். அதே மின்சாரத்தில் கூடுதல் வேலை செய்யும், செயற்கையாக ஃபிரேம் உருவாக்கிச் சேர்க்கும் என்விடியாவின் வசதியும் அதில்தான் உண்டு. 3050-இல் 4 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு வகை இருக்கின்றன. புது விளையாட்டுகள் ஆடுவதென்றால் 4 ஜிபியைத் தொட வேண்டாம். 2050 என்று மலிவாக ஒன்று காட்டினால் அதையும் விட்டுவிடுங்கள். அதன் மெமரிப் பாதை 64 பிட் மட்டும்.

பெயர் ஒன்றாக இருந்தாலும் ஓட்டம் ஒன்றாக இருக்காது என்பதைத்தான் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 4050 சிப்பை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ள என்விடியா லேப்டாப் நிறுவனங்களை அனுமதிக்கிறது. எம்எஸ்ஐ சைபோர்க் 15 போன்ற மெல்லிய மாடலில் அது 45 வாட்டில் ஓடும். தடித்த மாடல்களில் 100-ஐத் தொடும். பெட்டியின் மேல் இரண்டிலும் 'ஆர்டிஎக்ஸ் 4050' என்றுதான் அச்சிட்டிருக்கும். 45 வாட் 4050-க்கும் முழு வாட் 3050-க்கும் இடையே பெரிய விலை வித்தியாசம் கொடுப்பதில் அர்த்தம் இல்லை.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி இது: "கிராபிக்ஸ் பவர் எத்தனை வாட்?" விற்பவருக்குத் தெரியாவிட்டால், காட்சிக்கு வைத்த லேப்டாப்பில் என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பாருங்கள், 'மேக்சிமம் கிராபிக்ஸ் பவர்' என்று எழுதியிருக்கும். அதுவும் முடியாவிட்டால் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். 20 வோல்ட், 6 ஆம்பியர் என்றிருந்தால் பெருக்குங்கள், 120 வாட். அதில் புராசசர், திரை, ஃபேன் எல்லாம் சேர்ந்து 50 வாட் போல எடுத்துக்கொண்டால் கிராபிக்ஸுக்கு மிஞ்சுவது 70. சார்ஜரே 120 வாட்தான் என்னும்போது உள்ளே சிப் 100 வாட்டில் ஓட வழியில்லை.

திரையையும் கவனியுங்கள். இந்த விலையில் நிறுவனங்கள் முதலில் கைவைப்பது அங்கேதான். '45 சதவீதம் என்டிஎஸ்சி' (நிறங்களின் வீச்சு), '250 நிட்ஸ்' (திரையின் ஒளி அளவு) என்றிருந்தால் நிறம் வெளிறும், ஜன்னலோரம் உட்கார்ந்தால் எதுவும் தெரியாது. '100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி' (இதுவும் நிற வீச்சின் அளவுதான்), 300 நிட்ஸ் கிடைத்தால் இரண்டாயிரம் மூன்றாயிரம் கூடக் கொடுக்கலாம்.

கேள்வி: பேட்டரியில் கேம் ஆடலாமா?

பதில்: ஆடலாம், பாதி வேகத்தில், ஒரு மணி நேரம் போல. 60 வாட்-அவர் கொள்ளளவுள்ள பேட்டரியால் 100 வாட் சிப்பை முழு வேகத்தில் ஓட்ட முடியாது என்பதால் லேப்டாப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வகுப்பில் குறிப்பெடுக்க, புரோகிராம் எழுத மட்டும் சார்ஜ் வேண்டுமென்றால், டைப்-சி வழியே சார்ஜ் ஏற்கும் மாடலாக வாங்கி 65 வாட் சின்ன சார்ஜரைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பெரிய சார்ஜர் அறையிலேயே கிடக்கட்டும். டைப்-சி துளை இருந்தாலே சார்ஜ் ஏறும் என்று நம்ப வேண்டாம், தகவல் பக்கத்தில் 'பவர் டெலிவரி' என்று இருக்க வேண்டும்.

கேள்வி: சென்னையில் ஏசி இல்லாத அறை. புதிதாக வாங்கிய 14 அங்குல கேமிங் லேப்டாப் ஆடும்போது 95 டிகிரி காட்டுகிறது, பத்து நிமிடத்தில் ஃபிரேம் சரிகிறது. பழுதா? மாற்றித் தரச் சொல்லலாமா? தொட்டால் லேசாகக் கூசவும் செய்கிறது.

பதில்: 95 டிகிரி மட்டும் பழுதல்ல. இப்போதைய புராசசர்கள் அந்த அளவைத் தொட்டு, அங்கே தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டவை. 35 டிகிரி அறைக்காற்றை உறிஞ்சும் ஃபேன் 25 டிகிரி அறையில் கொடுக்கும் குளிர்ச்சியைக் கொடுக்க முடியாது. அந்தப் பத்து டிகிரியும் அப்படியே சிப்பின் மேல் ஏறும். ஆனால் ஃபேன் சுற்றாமல் இருப்பது, தானாக அணைந்துபோவது, வெறும் பிரவுசருக்கே 90-ஐத் தொடுவது, இவை பழுது. உடனே சர்வீஸ் சென்டர்.

முதலில் பின்பக்கத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூக்கி வையுங்கள், இரண்டு பாட்டில் மூடி போதும். மெத்தை மேல் வைத்து ஆடினால் காற்று போகும் துளை அடைபடும், எந்தக் கூலிங் பேடும் அதைச் சரிசெய்யாது. அடுத்து, விளையாட்டுக்குள்ளேயே ஃபிரேமுக்கு 60 அல்லது 75 என்று வரம்பு வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஃபிரேமுக்காகச் சிப் வேகாது. மூன்றாவதுதான் அதிகம் பலன் தருவது: விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸுக்குள் 'மேக்சிமம் புராசசர் ஸ்டேட்' என்பதை 100-லிருந்து 99 ஆக்குங்கள். புராசசரின் டர்போ வேகம் நின்றுவிடும், வெப்பம் சட்டென்று இறங்கும். புராசசரும் கிராபிக்ஸும் ஒரே ஹீட்சிங்கைப் பகிர்ந்துகொள்ளும் சின்ன லேப்டாப்பில் இது கிராபிக்ஸுக்கு மூச்சுவிட இடம் கொடுக்கும். கிராபிக்ஸையே நம்பியிருக்கும் விளையாட்டுகளில் ஃபிரேம் பெரிதாகக் குறையாது. வாலரன்ட் போலப் புராசசரை நம்பும் விளையாட்டில் குறையும்.

கூச்சம் வேறு விஷயம். உலோக உடல் லேப்டாப்பின் மூன்று முள் பிளக்கை எர்த் இல்லாத சாக்கெட்டில் செருகினால் இப்படிக் கூசும். வேறு அறையின் சாக்கெட்டில் செருகிப் பாருங்கள். நின்றுவிட்டால் குறை வீட்டு ஒயரிங்கில்தான், எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் பார்க்கச் சொல்லுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய கேமிங் லேப்டாப் வாங்க நினைக்கிறேன். எப்படிச் சோதிப்பது?

பதில்: 14 அங்குலமும் தனி கிராபிக்ஸும் முதல் கேள்வியில் வந்த 75,000 ரூபாய் போன்ற தொகைக்குள் வர உண்மையான வழி இதுதான். இரண்டு மூன்று வருடப் பழசு வாங்குவதில் தவறில்லை, அரை மணி நேரம் நிற்கப் பொறுமை இருந்தால்.

மூடியிருக்கும்போதே தொடங்குங்கள். சமதளத்தில் வைத்து மூலைகளை அழுத்துங்கள். ஆடினாலோ, டச்பேட் மேலெழும்பிச் சொடுக்க மறுத்தாலோ பேட்டரி வீங்கியிருக்கலாம், அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திரையை மெதுவாகத் திறந்து கீல் பக்கத்தில் காதை வையுங்கள். பல மாடல்களில் கீலின் திருகுகள் பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளைக் குழாய்களில்தான் நிற்கின்றன. கீல் இறுகினால் அவை பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வரும். 'நொறுக்' சத்தமோ, ஓரத்தில் இடைவெளியோ இருந்தால் செலவு காத்திருக்கிறது.

பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி (powercfg /batteryreport) கட்டளையால் பேட்டரி ரிப்போர்ட் எடுங்கள். முதலில் இருந்த கொள்ளளவும் இப்போது முழுச் சார்ஜில் நிற்கும் கொள்ளளவும் அடுத்தடுத்து வரும். 70 சதவீதத்துக்குக் கீழ் என்றால் புதுப் பேட்டரி விலையைப் பேரத்தில் கழியுங்கள். எஸ்எஸ்டியின் நிலையைப் பார்க்க கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருள். கடைசியாக அசல் சார்ஜரைச் செருகி, கிராபிக்ஸ் சிப்பை முழு வேகத்தில் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். வேறு வாட் சார்ஜர் கொடுத்திருந்தால் இங்கே தெரிந்துவிடும்: வாட் ஏறாமல் நிற்கும், அல்லது செருகியிருக்கும்போதே பேட்டரி இறங்கும். திரையில் கோடு, புள்ளி மினுக்கினால் கிராபிக்ஸ் சிப்போ அதன் மெமரியோ பழுதாக இருக்கலாம்.

அடியில் ஒட்டிய சீரியல் எண்ணும் பயாஸில் (விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் அமைப்புத் திரையில்) காட்டும் எண்ணும் ஒன்றா பாருங்கள். பயாஸுக்குள் போகக் கடவுச்சொல் கேட்டால் வேண்டாம். விற்பவரிடம் எண் எழுதிய பில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். திருட்டுப் பொருள் என்று பின்னால் வந்தால் உங்கள் கையில் இருக்கும் ஒரே காகிதம் அதுதான்.

கேள்வி: சித்தப்பா அமெரிக்காவிலிருந்து வருகிறார். அங்கே விலை குறைவு. வாங்கி வரச் சொல்லலாமா?

பதில்: 18 வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பைச் சுங்க வரியில்லாமல் கொண்டுவரலாம். அவருடைய சொந்த லேப்டாப்பும் கையில் இருந்தால் இது இரண்டாவதாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம். கேபின் பையில் வருவதே நல்லது, 100 வாட்-அவருக்குள் இருக்கும் பேட்டரிக்குத் தடையில்லை. சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். சுவரில் செருகும் ஒயரை மட்டும் இங்கே மாற்றிக்கொள்ளலாம். பிரச்சினை வாரண்டியில்தான். அந்தக் குறிப்பிட்ட மாடல் எண்ணுக்கு இந்தியாவில் வாரண்டி செல்லுமா என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்துவைத்த பிறகு சொல்லுங்கள். செல்லாது என்றால், சின்ன லேப்டாப்பில் எல்லாமே ஒரே போர்டில் இருப்பதால், போர்டு போனால் மிச்சம் பிடித்த பணம் முழுக்கப் போய்விடும்.

கேள்வி: 'நோ காஸ்ட் இஎம்ஐ' உண்மையில் செலவில்லாததா?

பதில்: வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியை வங்கி உங்களிடம்தான் வாங்கும், பல வங்கிகள் புராசசிங் கட்டணமும் சேர்க்கும். அதே கார்டில் ஒரே தவணைக்குக் கூடுதல் தள்ளுபடி இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய லேப்டாப்பில் செத்த பிக்சல் (திரையில் நிறம் மாறாமல் நிற்கும் ஒரு புள்ளி). மூன்றாம் நாளே சொன்னேன். டெக்னீஷியன் வந்து பார்த்து 'இது குறையல்ல' என்று எழுதிவிட்டார். பணமும் தரவில்லை, மாற்றியும் தரவில்லை.

பதில்: ஒரு பிக்சலுக்காக வாரண்டியில் திரை மாற்றிக் கொடுக்கும் நிறுவனம் குறைவு, பெரும்பாலும் இத்தனை புள்ளிக்கு மேல் என்று வரம்பு வைத்திருப்பார்கள். ஆகவே உங்கள் பிடி விற்பனைத் தளத்தின் ஏழு நாள் மாற்றித்தரும் வாக்குறுதியில்தான். முழுக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலப் பின்னணிகளில் புள்ளி தெரியும்படி படம் எடுங்கள். பெட்டி பிரித்த வீடியோ, பில், டெக்னீஷியன் எழுதிய தாள், புகார் எண் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வையுங்கள்.

தொலைபேசியில் பேசியதை விட்டுவிட்டு, தளத்தின் குறைதீர்க்கும் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் பெற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். அது நீதிமன்றம் அல்ல, ஆனால் பல புகார்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. அதுவும் பலிக்காவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருட அவகாசம் உண்டு. மனுவில் விற்பனைத் தளம், அதில் விற்ற கடை, தயாரித்த நிறுவனம் மூவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்ற இருவரும் பொறுப்பை அவர் பக்கம் தள்ளிவிடுவார்கள்.