கை நீட்டினால் காதல் புரியும்

கேள்வி: பி.ஏ. ஆங்கில மாணவர்களுக்கு ஷேக்ஸ்பியரின் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நடத்துகிறேன். யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்பதிலேயே குழம்பிவிடுகிறார்கள். கதைச்சுருக்கம் கொடுத்தும் பயனில்லை.
- ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: ஹெர்மியா, ஹெலனா இரண்டும் 'ஹெ'யில் தொடங்குவதே பாதிக் குழப்பம். சுருக்கத்தை ஓரமாக வையுங்கள். நான்கு பேரைப் பெயர் அட்டையோடு நிற்க வைத்து, அவரவர் காதலிப்பவரை நோக்கிக் கை நீட்டச் சொல்லுங்கள்.

முதல் அங்கத்தில் லைசாண்டர், டெமிட்ரியஸ் இருவர் கையும் ஹெர்மியா பக்கம். ஹெர்மியாவின் கை லைசாண்டரை நோக்கி, ஹெலனாவின் கை டெமிட்ரியஸை நோக்கி. இரண்டாம் அங்கம் இரண்டாம் காட்சியில் குறும்புத் தேவதை பக், விழித்ததும் முதலில் பார்ப்பவரைக் காதலிக்க வைக்கும் பூச்சாற்றைத் தூங்கும் லைசாண்டர் கண்ணில் பிழிந்ததும் அவன் கை ஹெலனாவுக்குத் திரும்பும். இப்போது நான்கு கைகளும் ஒரு வட்டம். யாருக்கும் பதில் காதல் இல்லை. மூன்றாம் அங்கம் இரண்டாம் காட்சியில் பூச்சாறு பட்ட டெமிட்ரியஸும் ஹெலனா பக்கம் திரும்புகிறான். முறிமருந்துக்குப் பிறகு லைசாண்டர் மட்டும் ஹெர்மியாவிடம் திரும்ப, இரண்டு ஜோடி. பெண்களின் கை ஒரு தடவைகூட நகரவில்லை என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.

பக் வேண்டுமென்றே ஆள் மாற்றினான் என்று பலர் எழுதுகிறார்கள், தவறு. டெமிட்ரியஸ் கண்ணில் சாற்றைப் பிழியச் சொன்ன தேவதைகளின் அரசன் ஓபரான், அவனுக்குச் சொன்ன அடையாளம் ஏதென்ஸ் உடை. லைசாண்டரும் அதே உடையில்தான் இருக்கிறான். போதாததற்கு, கல்யாணத்துக்கு முன் நெருங்கிப் படுக்கக் கூடாதென்று ஹெர்மியா அவனைத் தள்ளிப் படுக்கச் சொல்லியிருக்கிறாள். அந்த இடைவெளியைப் பார்த்துத்தான், பெண்ணை வெறுக்கும் இளைஞன் இவனே என்று பக் முடிவு கட்டுகிறான். இந்த வரிகளைத் தாண்டிப் போனால் பிறகு எதுவும் ஒட்டாது.

மூன்றாம் அங்கத்தில் இரு பெண்களும் மோதும் சண்டைக் காட்சிக்கு உயரமானவர் ஹெலனா, குள்ளமானவர் ஹெர்மியா. வசவுகளில் பல உயரத்தைப் பற்றியவை. யாருக்காவது சங்கடமென்றால் ஹெலனாவை நாற்காலியில் ஏற்றிவிடுங்கள், சிரிப்பு குறையாது. மற்ற மூவரும் சேர்ந்து தன்னைக் கேலி செய்வதாக ஹெலனா நம்புவதை வாசிப்புக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: டெமிட்ரியஸின் காதல் கடைசியில் உண்மையா, மந்திரமா? தேர்வில் எப்படி எழுதுவது?
- மாணவர், மதுரை

பதில்: இரண்டையும் எழுதுங்கள். முறிமருந்து லைசாண்டருக்கும், ஓபரானின் ராணி டைட்டானியாவுக்கும்தான். டெமிட்ரியஸ் கண்ணில் பூச்சாறு அப்படியே இருக்கிறது. ஆனால் நாடகம் தொடங்கும் முன் ஹெலனாவைக் காதலித்தவன் அவன்; முதல் காட்சியில் லைசாண்டரே இதைச் சொல்கிறான். நோய் தீர்ந்து பழைய ருசி திரும்பியதாக நான்காம் அங்கத்தில் டெமிட்ரியஸும் பேசுகிறான். மந்திரம் அவனைப் பழைய காதலுக்கே கொண்டுசேர்த்தது என்று வாதிட இது போதும்.