முப்பதாம் நாள் பூசை – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

கருங்கல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் மாமியார் போன மாதம் இறந்துவிட்டார்கள். அடுத்த வாரம் அவர்கள் ஆன்மாவுக்காக முப்பதாம் நாள் பூசை. என் கணவரின் அண்ணன் சில வருடங்களாக நம் கத்தோலிக்கக் கோயிலை விட்டு வேறொரு சபைக்குப் போகிறார். அடக்கத்துக்கு வந்தவர் பூசைக்கு வர மாட்டேன் என்கிறார். ‘ஒரே தரம் சாவு, அப்புறம் நியாயத்தீர்ப்பு. எபிரேயர் 9:27-ல தெளிவா இருக்கு. செத்தவங்களுக்கு எதுக்கு ஜெபம்? சாமியாருக்குக் காசு குடுத்தா அம்மாவுக்கு மோட்சம் கிடைச்சிருமா?’ என்று எல்லார் முன்னாலும் கேட்டார். மறைக்கல்வி வகுப்பில் படித்தது எதுவும் எனக்கு அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. அவர் கெட்டவர் இல்லை அண்ணா. மாமியார் படுக்கையில் கிடந்த நான்கு மாதமும் வாழைத்தோட்டத்து வேலையைப் போட்டுவிட்டு வந்து தூக்கி உட்கார வைத்தவர் அவர்தான். நான் என்ன சொல்ல வேண்டும்?

ஆர்.

அன்புள்ள தங்கைக்கு,

மாமியாரின் ஆன்மா இளைப்பாறட்டும்.

மூத்தவர் காட்டிய வசனத்தை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். அது நமக்கும் வசனம்தான். மூச்சு நின்றதும் தீர்ப்பு உண்டு என்றே திருச்சபையும் சொல்கிறது. தனித்தீர்ப்பு என்று அதற்குப் பெயர். அதன்பிறகு மனம் மாற வாய்ப்புக் கிடையாது. மோட்சத்துக்குள் போகும் முன் ஆன்மா சுத்தமாகிற உத்தரிக்கிற ஸ்தலம் என்றால், பெயிலானவர்கள் மறுபடி எழுதும் பரீட்சை என்று நம் ஆட்களில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே இருப்பவர்கள் எல்லோருமே பாஸானவர்கள். ‘ஸ்தலம்’ என்ற சொல்லும் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றிவிட்டது. அது ஓர் இடமல்ல, ஒரு நிலை என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1999-ல் தெளிவாகவே சொன்னார்.

நான் கடற்கரைக்காரன். தாத்தா கட்டுமரம் ஏறி வருவார். ஆச்சி சோறு வடித்து, மீன்குழம்பு வைத்துக் காத்திருப்பாள். ஆனால் உப்பும் செதிலும் ஒட்டிய உடம்போடு வாசற்படி மிதிக்க விட மாட்டாள். நேரே கிணற்றடிக்குப் போக வேண்டும். தாத்தா கரை சேர்ந்துவிட்டார், சோறும் அவருக்குத்தான், இனி யாரும் அவரைக் கடலுக்குத் திருப்பி அனுப்பப் போவதில்லை. குளித்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைகள் நாங்கள் போட்டி போட்டுத் தண்ணீர் இறைத்துக் கொடுப்போம். நாங்கள் இறைக்காவிட்டாலும் அவர் குளித்திருப்பார். ஆனால் இறைக்காமல் எப்படி இருக்க முடியும்? முப்பதாம் நாள் பூசை எனக்கு அந்த வாளித் தண்ணீர்தான். ‘தீட்டுள்ள எதுவும் உள்ளே நுழையாது’ என்கிற திருவெளிப்பாடு 21:27 மூத்தவரின் பைபிளிலும் இருக்கிறது.

அவர் பைபிளில் இல்லாதது மக்கபேயர் நூல். அவர்களுக்கு 66 புத்தகம், நமக்கு 73. இரண்டாம் மக்கபேயர் 12-ஆம் அதிகாரத்தில் யூதப் படைத்தலைவர் யூதா மக்கபே போர் முடிந்து தன் வீரர்களின் உடல்களை எடுக்கப் போகிறார். செத்தவர்களின் ஆடைக்குள்ளே வேற்றுத் தெய்வத்தின் தாயத்துகள்! அவர் அவர்களைத் திட்டித் தீர்க்கவில்லை. ஆள் ஆளாகப் பணம் திரட்டி, 2,000 திராக்மா வெள்ளியை அவர்களுக்காகப் பாவப் பரிகாரப் பலி ஒப்புக்கொடுக்கச் சொல்லி எருசலேமுக்கு அனுப்புகிறார். ‘அது எங்களுக்கு வேதமில்லை’ என்பார் மூத்தவர். சரி, வேதமாக எடுக்க வேண்டாம், வரலாறாக எடுக்கலாமே. இயேசு பிறப்பதற்கு முன்பே யூதர்கள் இறந்தவர்களுக்காக மன்றாடியிருக்கிறார்கள். இன்றும் யூத வீடுகளில் மகன் பெற்றோருக்காகப் பதினொரு மாதம் கதீஷ் என்ற ஜெபம் சொல்கிறான். நடுவில் ரோமாபுரியில் யாரோ கண்டுபிடித்த சமாச்சாரம் இல்லை இது.

ஓர் எச்சரிக்கை. நம் ஆட்கள் சிலர் 2 திமொத்தேயு 1:18-ஐ எடுத்துக்கொண்டு, செத்துப்போன ஒனேசிப்போருக்காகப் பவுல் ஜெபித்தார் என்று அடித்துப் பேசுவார்கள். அவர் செத்துவிட்டார் என்று அந்த வசனத்தில் எங்கும் இல்லை. நீங்கள் அதைத் தொட வேண்டாம். மூத்தவர் வசனம் தெரிந்தவர், பிடித்துக்கொள்வார்.

காசு விஷயத்தில் அவர் கேட்டது நியாயமான கேள்வி. பூசைக் காணிக்கை விலை அல்ல. திருச்சபைச் சட்டம் 947 பூசைக் காணிக்கையில் வியாபாரத்தின் சாயல்கூட இருக்கக் கூடாது என்கிறது. காணிக்கை இல்லாவிட்டாலும் ஏழைகளின் கருத்துக்காகப் பூசை வைக்கும்படி 945 குருக்களைக் கேட்டுக்கொள்கிறது. ஒரு குரு ஒரே நாளில் எத்தனை பூசை வைத்தாலும், கிறிஸ்துமஸ் தவிர, ஒரு காணிக்கையைத்தான் தனக்கென்று வைத்துக்கொள்ளலாம். இன்னும் பின்னே போனால், 1563-ல் ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு என்று அறிவித்த அதே ஆணையில், அதை வைத்து இழிவான ஆதாயம் தேடுவதைத் தடை செய்யும்படி ஆயர்களுக்குச் சொன்னது. அப்படிச் சொல்ல வேண்டிய நிலைமை அன்றைக்கு இருந்தது என்றுதானே அர்த்தம்?

இன்றும் முழுக்க ஒழிந்துவிடவில்லை. என் அப்பா இறந்த மறுநாள் பூசை எழுதிக் கொடுக்கப் போனேன். எந்தப் பங்கு என்று சொல்லப் போவதில்லை. மேசையில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமல் ‘பாட்டுப் பூசையா, சாதாவா?’ என்றார். ஹோட்டலில் தோசைக்குக் கேட்பது மாதிரி. அன்றைக்கு எனக்கு வந்த கோபம்தான் மூத்தவருக்கும் வந்திருக்கிறது. அந்த இடத்தில் அவர் பக்கம் நில்லுங்கள், தப்பில்லை.

ஒக்கி புயலுக்கு அடுத்த ஆண்டு, 2018 நவம்பர் 2, கல்லறைத் திருநாள். தூத்தூர் பக்கத்தில் ஒரு கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அந்தப் புயலில் நம் மாவட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், பலருடைய உடல் கரைக்கே வரவில்லை. எல்லோரும் அவரவர் கல்லறையைக் கழுவிப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். ஓர் அம்மா மட்டும் நடுவில் நிற்கும் பெரிய குருசின் அடியில் உட்கார்ந்திருந்தார். மெழுகுதிரி பற்றவைப்பார், கடல்காற்று அணைக்கும், மறுபடியும் பற்றவைப்பார். கடைசியில் மடியிலிருந்து ஒரு சிரட்டையை எடுத்துத் திரிக்கு மறைவாக மணலில் நட்டார். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார். காற்று வரும் என்று அவருக்குத் தெரியும். நான் பக்கத்தில் போனதும் அவராகவே பேசினார்: ‘மவன் எங்க கிடக்கான்னு எனக்குத் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும்லா. அவருட்டதான் சொல்லிட்டு இருக்கேன்.’

அந்த அம்மாவிடம் போய் எபிரேயர் 9:27-ஐ வாசித்துக் காட்ட மூத்தவருக்கே மனம் வராது. மகனுக்கு அவர் செய்ய மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். உங்கள் மாமியாரை நான்கு மாதம் தூக்கி உட்கார வைத்தவருக்கு இப்போது தூக்க யாரும் இல்லை. எல்லார் முன்னாலும் அவர் போட்ட சண்டையில் பாதி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதனால் பூசைக்கு வந்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். இந்தக் கடிதத்தை அச்செடுத்து அவர் கையில் கொடுக்கவும் வேண்டாம். நவம்பர் 2 வருகிறது. மழைக்குக் கல்லறையில் புல் மண்டியிருக்கும், செதுக்கி வெள்ளையடிக்க வேண்டும். அதற்கு எந்த வசனமும் குறுக்கே நிற்காது. வாழைத்தோட்டக்காரர், மம்பட்டி அவரிடம்தான் நல்லதாக இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
அண்ணன்