இடம் மாறும் முகத்துவார மணல்திட்டைப் பாய்மரக் கப்பல்கள் எப்படிக் கடந்தன?

இன்ஜின் கிடையாது, தானாக ஆழம் காட்டும் கருவியும் கிடையாது. மணல்திட்டு வேறு பருவத்துக்குப் பருவம் நகர்கிறது. பிறகு எப்படி ஆற்றுக்குள் நுழைந்தார்கள் என்பதுதான் கேள்வி. என் பதில்: பெரும்பாலும் காத்திருந்தார்கள். திறமை என்பது எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று தெரிவதில்தான் இருந்தது.

வேலூர்க்காரனுக்குக் கப்பலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். மணல் நகர்வதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2021 நவம்பர் வெள்ளம் வடிந்ததும், காட்பாடி போகும் பாலாற்றுப் பாலத்திலிருந்து பார்த்தால், முன்பு சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்த இடத்தில் தண்ணீர் ஓடியது. ஓடை இருந்த இடம் மேடாகிவிட்டது. முகத்துவாரத்தில் ஆற்றோடு கடலும் சேர்ந்து இந்த வேலையைச் செய்கிறது. சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவ அலை மணலை வடக்கே தள்ளும், வடகிழக்குப் பருவம் தெற்கே தள்ளும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். சென்னைத் துறைமுகச் சுவர் அந்த மணலை மறித்த பிறகுதான் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கத் தொடங்கியது. ஆற்றில் வரத்து நின்றால் அலை வாயையே அடைத்துவிடும். எங்கள் பாலாறு கடலில் சேரும் வயலூரில் வருடத்தில் பெரும்பகுதி அந்த நிலைதான்.

ஆகவே போன வருட வரைபடத்தை நம்பி யாரும் உள்ளே வரமாட்டார்கள். உள்ளூர் வழிகாட்டி ஏறினால்தான் கப்பல் நகரும். வங்காளத்தின் ஹூக்ளி ஆற்றில் இதற்கென்றே கிழக்கிந்தியக் கம்பெனி வழிகாட்டிகளின் தனிப் படையே வைத்திருந்தது. அங்கே 'ஜேம்ஸ் அண்ட் மேரி' என்று ஒரு மணல்திட்டு உண்டு. 1694-ல் அங்கே மூழ்கிய கப்பலின் பெயர்தான் அது. அடி தட்டி நின்ற கப்பலை நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளிக் கவிழ்த்துவிடும், அதுதான் அந்த இடத்தின் பயங்கரம்.

காத்திருந்தது இரண்டுக்கு. ஒன்று ஓதம், அதாவது கடல்நீர் ஏறி வற்றுவது. மற்றது காற்று. நீர் ஏறிக்கொண்டிருக்கும்போதுதான் நுழைவார்கள். அடி தட்டினாலும் ஏறும் நீர் தூக்கிவிடும். வற்றும்போது தட்டினால் அடுத்த ஏற்றம்வரை அங்கேயேதான், அதற்குள் அலை பலகையைப் பெயர்த்துவிடும். தவிர, வெளியே ஓடும் நீரும் உள்ளே வரும் அலையும் மோதினால் அலை செங்குத்தாக எழும்பி உடையும். காற்றோ பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ வர வேண்டும். குறுகிய வாய்க்குள் பாயை மாற்றி மாற்றி வளைத்து ஓட்ட இடம் ஏது? பிற்பகல் கடற்காற்று உள்ளே வர உதவும், விடியற்காலைக் கரைக்காற்று வெளியேற உதவும். ஆனால் ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இரண்டும் ஒத்துவரும் நேரத்துக்காக நங்கூரம் போட்டுக் கிடக்க வேண்டியதுதான்.

வழி கண்டுபிடிக்க முதல் கருவி கண். அலை உடைகிற இடம் மேடு. நடுவே உடையாமல் கறுத்துத் தெரியும் பட்டைதான் வழி. இதில் ஒரு சிக்கல்: கடலிலிருந்து வருபவனுக்கு அலையின் முதுகுதான் தெரியும், நுரை தெரியாது. கரையிலிருந்து பார்த்தால் பயமுறுத்தும் அலை, கடலிலிருந்து பார்த்தால் சாதுவாகத் தெரியும். அதனால்தான் சின்னப் படகை முன்னே அனுப்பி ஆழம் பார்க்கச் சொல்வார்கள். ஈயக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கி எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) என்று கூவுவார்கள். குண்டின் அடிக்குழியில் கொழுப்புத் தடவியிருக்கும். மேலே வரும்போது மணலோ சேறோ கிளிஞ்சலோ ஒட்டிக்கொண்டு வரும். அடியில் என்ன இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

காற்று விழுந்துவிட்டால் நங்கூரத்தைப் படகில் கொண்டுபோய் முன்னால் போட்டு, கயிற்றைச் சுற்றிச் சுற்றிக் கப்பலையே இழுப்பார்கள். முதுகு ஒடிகிற வேலை.

ஆனால் நம் கரையில் ஓத வேறுபாடு ஒரு மீட்டர் அளவுதான், ஹூக்ளி மாதிரி தூக்கிவிடாது. அதனால் பெரிய கப்பல்கள் இந்த வம்புக்கே வரவில்லை. கடலூரில் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும், படகுகள் சரக்கை ஏற்றி இறக்கும். அடி ஆழம் குறைந்த தோணிகள் மட்டும் உள்ளே வரும்.

இன்ஜின் வந்தும் கதை முடியவில்லை. பழவேற்காடு முகத்துவாரத்தில் மணல் அடைத்துப் படகுகள் கவிழ்வதும், தூர்வாரக் கேட்டு மீனவர்கள் போராடுவதும் நம் காலத்துச் செய்திகள்தான்.