பாசி வளர்க்கும் சத்துக் கரைசலான போல்டு ஊடகத்தில் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் செம்பு சேர்த்தும் குளோரெல்லா என்ற பாசி நன்றாக வளர்கிறதே, அதற்குத் தாங்கும் திறன் இருக்கிறதா?

அவசரப்பட்டு அப்படி எழுதிவிடாதீர்கள். நீங்கள் போட்ட செம்பு பாசியை எட்டவே இல்லை.

போல்டு ஊடகத்தின் செய்முறையைப் பாருங்கள். லிட்டருக்கு 1.57 மில்லிகிராம் காப்பர் சல்ஃபேட் சேர்ப்போம். அதில் செம்பு மட்டும் ஏறத்தாழ 400 மைக்ரோகிராம். நீங்கள் சேர்த்ததைப் போல எட்டு மடங்கு முன்பே உள்ளே கிடக்கிறது! அப்படியும் பாசி செழிக்கக் காரணம் உலோக அயனிகளைக் கவ்விப்பிடிக்கும் இடிடிஏ (EDTA) என்ற வேதிப்பொருள். அது லிட்டருக்கு 50 மில்லிகிராம், அதாவது சுமார் 170 மைக்ரோமோல். இரண்டு செம்பையும் கூட்டினாலும் 7 மைக்ரோமோல்தான் வரும். அத்தனையையும் இடிடிஏ கவ்விக்கொள்ளும். பாசிக்கு நஞ்சாவது பெரும்பாலும் எதனோடும் பிணையாத செம்பு அயனி. ஏரித் தண்ணீரில் மக்கிய இலைதழைகளிலிருந்து கரையும் கரிமப் பொருள் இதே வேலையைச் செய்கிறது. அதனால் மொத்தச் செம்பை மட்டும் அளந்தால் அங்கும் ஏமாற்றம்தான்.

பாசிகளில் நச்சுத்தன்மையைச் சோதிப்பதற்கான ஓஇசிடி (OECD) 201 நெறிமுறையில் உள்ள ஊடகத்துக்கு மாறுங்கள். அதில் இடிடிஏ லிட்டருக்கு 100 மைக்ரோகிராம்தான். அறவே நீக்கவும் கூடாது: இரும்பு வீழ்படிவாகி, செம்பு சேர்க்காத ஒப்பீட்டுக் குடுவையும் படுத்துவிடும். பழைய ஊடகத்தோடு பாசியை ஊற்றினால் இடிடிஏவும் கூடவே வரும் என்பதால், சென்ட்ரிஃபியூஜில் கழுவி, புது ஊடகத்தில் 2 முதல் 4 நாள் வளர்த்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தில் மில்லிலிட்டருக்கு 5,000 முதல் 10,000 செல் போதும். கூடுதலாகப் போட்டால் ஒரு செல்லின் பங்குக்கு வரும் செம்பு குறைந்து, நச்சு தணிந்ததுபோலத் தெரியும். ஒப்பீட்டுக் குடுவை 72 மணி நேரத்தில் 16 மடங்காவது பெருகாவிட்டால் சோதனை செல்லாது. அதன் பிஎச் தொடக்க அளவிலிருந்து 1.5 அலகுக்கு மேல் ஏறவும் கூடாது.

கரைசலின் கலங்கலை அளக்கும் ஒளியடர்த்தியை மட்டும் நம்பாதீர்கள். செம்பு பட்ட செல் பிரியாமலே பருத்துப்போகலாம், எண்ணத்தான் வேண்டும். ஆனால் மில்லிலிட்டருக்கு 10,000 செல் என்றால் செல் எண்ணும் கண்ணாடித் தகடான ஹீமோசைட்டோமீட்டரின் ஒரு பெரிய கட்டத்தில் சராசரியாக ஒரே ஒரு செல்தான் விழும். ஆகவே தொடக்க நாள் மாதிரியைச் செறிவாக்கி எண்ணுங்கள்.

சுவரில் ஒட்டிய உலோகம் போக, குடுவைகளை 10% நைட்ரிக் அமிலத்தில் ஓரிரவு ஊறவைத்து அலசுங்கள். கண்ணாடியைவிட பாலிகார்பனேட் நல்லது.

உண்மையான எதிர்வினையைக் காண ஆசையென்றால் காட்மியத்தை எடுங்கள். உலோகத்தைப் பிணைக்க செல்லே தயாரிக்கும் ஃபைட்டோகெலட்டின் என்ற பெப்டைடின் உற்பத்தியை வலுவாகத் தூண்டும் உலோகம் அது. ஈயத்தை மட்டும் போல்டு ஊடகத்தில் போடாதீர்கள்: அதிலுள்ள 1.7 மில்லிமோல் பாஸ்பேட்டோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும்.