டிக் நிற்காத சிபியு – கடிதம்

அன்புள்ள ஐயா,

லினக்ஸில் சில சிபியுக்களை ஒதுக்கி ஒரே நிரலுக்குக் கொடுப்பதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நானும் முயன்றேன். என்னுடையது 8 சிபியு கணினி. கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) துவக்க வரியில், சிபியுக்களை ஒதுக்கும் ஐசோல்சிபியுஸ், வேலை நடக்கும்போதும் டிக்கை (சீரான இடைவெளியில் வரும் டைமர் இன்டரப்ட், அதாவது குறுக்கீடு) நிறுத்தும் நோஹெச்இசட்-ஃபுல் இரண்டுக்கும் 2-7 என்று கொடுத்தேன். என் நிரல் ஓர் அளவீட்டுக் கருவியிலிருந்து தொடர்ந்து தரவு வாங்குகிறது, நான்கு திரெட்கள் (ஒரே நிரலுக்குள் தனித்தனியே ஓடும் இழைகள்). எந்தச் சிபியுக்களில் ஓடலாம் என்று குறிக்கும் டாஸ்க்செட் கட்டளை மூலம் 2-5இல் ஓடவிட்டேன். 3, 4, 5 மூன்றும் அமைதியாக இருக்கின்றன. 2இல் மட்டும் டைமர் இன்டரப்ட் நொடிக்கு 250 வீதம் ஏறிக்கொண்டே போகிறது. அவ்வப்போது தரவும் தவறுகிறது. 2இல் மட்டும் ஏன் பலிக்கவில்லை? நொடிக்கு எத்தனை டிக் என்பதைக் குறிக்கும் ஹெச்இசட்டை 100 ஆக்கிக் கெர்னலைத் திரும்பக் கம்பைல் செய்யச் சொல்கிறார் நண்பர். செய்யலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

*

அன்புள்ள நண்பருக்கு,

விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 3, 4, 5இன் அமைதியை வெற்றி என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். அங்கே ஆளே இல்லை, அதனால்தான் அமைதி. நான்கு திரெட்களும் 2இல்தான் முண்டியடித்துக்கொண்டிருக்கின்றன என்று பந்தயமே கட்டுவேன். பிஎஸ் கட்டளையில் திரெட் வாரியாகப் பிஎஸ்ஆர் பத்தியைக் (எந்தச் சிபியுவில் ஓடுகிறது என்பதைக்) காட்டச் சொல்லிப் பாருங்கள்.

ஐசோல்சிபியுஸ் அந்தச் சிபியுக்களை, எந்தத் திரெட் எங்கே எப்போது ஓடும் என்று முடிவுசெய்யும் ஷெட்யூலரின் சுமைப் பகிர்விலிருந்து கழற்றிவிடுகிறது. மற்ற நிரல்கள் அங்கே வராது. அதுதானே வேண்டும் என்பீர்கள். சரி, ஆனால் உங்கள் திரெட்களையும் அங்கே யாரும் பிரித்து வைக்க மாட்டார்கள். டாஸ்க்செட்டில் 2-5 என்று கொடுத்தது வெறும் அனுமதி. முதல் திரெட் எதில் ஏறியதோ, அதிலேயே பின்னால் பிறந்தவையும் தங்கிவிடும். நானும் இதில் விழுந்து எழுந்தவன்தான். என் நிரலில் லாக் எழுதும் ஒரு திரெட் இப்படி ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் கெர்னலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

டிக் எதற்காக இருக்கிறது என்று பார்த்தால் அது ஏன் நிற்கவில்லை என்பதும் புரியும். ஓடும் திரெட்டின் நேரம் முடிந்ததா, அடுத்ததை விட வேண்டுமா என்று பார்ப்பது அதன் முக்கியமான வேலை. கூடவே சிபியு நேரத்தைக் கணக்கு வைப்பது, காலாவதியான டைமர்களை எழுப்புவது, ஆர்சியு (உள்தரவைப் பூட்டுப் போடாமல் படிக்கவிடும் கெர்னல் முறை) நகர்கிறதா என்று பார்ப்பது. சிபியு சும்மா இருக்கும்போது டிக்கை நிறுத்தும் வசதி 2007இல் 2.6.21 கெர்னலிலேயே வந்துவிட்டது. உங்கள் 3, 4, 5இல் நடப்பது அதுதான். நோஹெச்இசட்-ஃபுல் இல்லாவிட்டாலும் நடந்திருக்கும். வேலை நடக்கும்போதே நிறுத்துவது 2013இல் 3.10இல் வந்தது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அந்தச் சிபியுவில் ஓடத் தயாராக ஒரே ஒரு திரெட்தான் இருக்க வேண்டும். வரிசையில் ஒருவர் மட்டும் நின்றால் அடுத்தது யார் என்று கேட்க ஆள் தேவையில்லை. இரண்டாமவர் வந்து நின்றதும் டிக் திரும்ப ஓடும், ஓடித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று. உங்கள் தரவு தவறுவதற்கு டிக் காரணமாக இருக்காது என்றே நினைக்கிறேன். தரவு வாங்கும் திரெட் தன் முறைக்காகக் காத்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு டிக் ஐந்து மைக்ரோநொடி எடுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், 250 டிக்குக்கு நொடியில் 1.25 மில்லிநொடி. ஆயிரத்தில் ஒரு பங்கு சொச்சம். ஆனால் பக்கத்தில் இருக்கும் திரெட்டுக்குச் சிபியுவை விட்டுக்கொடுத்தால் சில மில்லிநொடிகள் ஒரே மூச்சில் போய்விடும்.

நண்பரின் யோசனையை வேண்டாம் என்பேன். பழைய லினக்ஸில் ஹெச்இசட் 100ஆகத்தான் இருந்தது, 2.6இல் 1000 ஆக்கினார்கள், 2.6.13இல் நாமே தேர்வுசெய்யலாம் என்று விட்டு 250ஐ இயல்பாக வைத்தார்கள். 100க்குப் போனால் குறுக்கீடுகளின் எண்ணிக்கை குறையும். ஒவ்வொரு குறுக்கீடும் பிடிக்கும் நேரம் குறையாது. உங்களுக்குப் பிரச்சினை மோசமான தருணம்தான், சராசரி அல்ல.

எனவே ஒவ்வொரு திரெட்டையும் நிரலுக்குள்ளேயே தனித்தனிச் சிபியுவில் கட்டுங்கள். லாக் எழுதுவது, திரையில் காட்டுவது போன்றவற்றை 0, 1க்கு அனுப்பிவிடுங்கள். அவசரம் இல்லாதவற்றுக்கு ஒதுக்கிய சிபியுவைக் கொடுப்பது வீண்.

அதற்கப்புறம் பழைய கெர்னல் என்றால் நொடிக்கு ஒரு டிக் மிச்சம் இருக்கும். 2018இல் வந்த 4.17இலிருந்து அந்த ஒன்றையும் வேறு சிபியு தூரத்திலிருந்து செய்துவிடுகிறது. இதற்குமேல் வருவது எது என்று ஊகிக்க வேண்டாம். 5.14இலிருந்து இருக்கும் ஆஸ்நாய்ஸ் டிரேசரை ஓடவிட்டால் யார் எவ்வளவு நேரம் எடுத்தார்கள் என்று பெயரோடு சொல்லும். அதில் டைமர் அல்லாதவையும் தெரியும். உதாரணமாக, 0இல் ஓடும் லாக் திரெட் நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்தால், ஒரே நிரலின் திரெட்கள் என்பதால் மற்ற சிபியுக்களின் டிஎல்பியைத் (நினைவக முகவரிகளுக்கான சிபியுவின் குறிப்பேட்டை) துடைக்கக் கெர்னல் இன்டரப்ட் அனுப்பும். டிக்கை விரட்டியவர்கள் பலர் கடைசியில் வந்து நிற்கும் இடம் இது. தேவையான நினைவகத்தைத் தொடக்கத்திலேயே எடுத்து வைத்துக்கொண்டு, ஓட்டத்தின் நடுவே கொடுக்கல் வாங்கல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்லாத ஒன்றையும் கேட்க வேண்டும். கருவியிலிருந்து தரவை எப்படி வாங்குகிறீர்கள்? ஒவ்வொரு முறையும் ரீட் அழைப்பு (கெர்னலிடம் தரவு கேட்கும் சிஸ்டம் கால்) என்றால் நோஹெச்இசட்-ஃபுல் உங்களுக்கு நஷ்டமாகவும் முடியலாம். டிக் இல்லாத நிலையில் நிரல் கெர்னலுக்குள் நுழைவதையும் வெளியே வருவதையும் கெர்னல் ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்கிறது. அதனால் சிஸ்டம் கால் ஒவ்வொன்றுக்கும் செலவு கூடும். கருவியின் நினைவகத்தை நேரடியாக மேப் செய்து, சுற்றிச் சுற்றிப் பார்க்கும் நிரலுக்குத்தான் இந்த வசதி முழுசாகப் பொருந்தும்.

திரெட்களைப் பிரித்த பிறகு 2இன் எண்ணிக்கை எவ்வளவு என்று எழுதுங்கள். ரீட் கேள்விக்கான பதிலையும் சேர்த்து.