மயில்கழுத்து நிறத்தில் ஒரு கூடம்

அன்புள்ள அக்காவுக்கு,

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அப்பா கட்டிய வீட்டுக்கு வருகிற பொங்கலுக்குள் பெயிண்ட் அடிக்கப் போகிறோம். கூடத்துக்கு டார்க் டீல், அதாவது பச்சை கலந்த அடர்நீல நிறம் அடிக்க எனக்கு ரொம்ப நாள் ஆசை. 'கூடமே இருண்டு போயிடும், கிரீம் கலர் அடி' என்கிறார் அம்மா. 'ஒரு சுவருக்கு மட்டும் அடிச்சிக்கலாம்' என்கிறார் பெயிண்டர். கிழக்கே ஒரே ஒரு ஜன்னல். தரை பழைய சிவப்பு சிமெண்ட். என்ன செய்யட்டும்?

எஸ்., கடலூர்

அன்புள்ள எஸ்.,

தாராளமாக அடியுங்கள். பொங்கலுக்கு மட்டும் வேண்டாம்.

டீல் என்று கடைக்காரர் சொல்வது ஒரு வாத்தின் பெயர். தமிழில் கிளுவை. ஆண் கிளுவையின் கண்ணிலிருந்து பிடரி வரை ஓடும் பட்டையைப் பார்த்துத்தான் அந்த வாத்தின் பெயர் நிறத்துக்கும் வந்தது. நம் ஜவுளிக்கடையில் இதுவே மயில்கழுத்து. அம்மாவின் பீரோவில் அப்படி ஒரு புடவை இருந்தால் எடுத்துச் சுவரோடு பிடித்துக் காட்டுங்கள். பாதி பயம் போய்விடும்.

ஆனால் பட்டு வேறு, சுவர் வேறு. மயில்கழுத்துப் பட்டில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒரு நிறம். மடிப்பு அசைய அசையப் பச்சையும் நீலமும் மாறி மாறி வரும். சுவரில் அந்த வேலையை வெளிச்சம்தான் செய்யவேண்டும். உங்கள் கூடத்தில் காலை வெயிலுக்குப் பச்சை துலங்கும், மதியத்துக்கு மேல் நீலம் ஏறி அடங்கும். ராத்திரி வெள்ளை டியூப்லைட் போட்டால் நிறம் வெளிறி நீலமாகிவிடும், மஞ்சள் பல்பு போடுங்கள். கடை அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டடிக்கு இரண்டடி, இரண்டு கோட் சுவரிலேயே அடித்து இரண்டு நாள் பாருங்கள்.

ஒரு சுவருக்கு மட்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை, ஒட்டுப்போட்ட மாதிரி நிற்கும். மூன்று சுவருக்கு மயில்கழுத்து அடியுங்கள். ஜன்னல் இருக்கும் சுவருக்கும் சீலிங்குக்கும் அம்மா கேட்ட கிரீம். ஜன்னலைச் சுற்றி அடர்நிறம் இருந்தால் பகலில் கண் கூசும். சிவப்புத் தரையை மாற்றிவிடாதீர்கள், இந்த நிறத்துக்கு அதைவிடப் பொருத்தமான துணை கிடையாது. அடர்நிற பெயிண்டில் வெள்ளை நிறமி குறைவு என்பதால் அடிச்சுவரை எளிதில் மறைக்காது. பெயிண்டுக்கு முன் அடிக்கும் பிரைமரைச் சாம்பல் சாயம் கலந்து கேளுங்கள், மூன்றாவது கோட்டுக்கும் பணம் ஒதுக்கிவையுங்கள்.

இனி பொங்கல் விஷயம். புதுச்சேரியில் எங்கள் வீட்டில் மழை விட்டு மூன்றே வாரத்தில் இதே நிறம் அடித்தோம். 'காஞ்சிடுச்சும்மா' என்றார் பெயிண்டர். நானும் சுவரைத் தொட்டுப் பார்த்துச் சரி என்றேன். அடுத்த ஐப்பசியில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு உப்பு பூத்துவிட்டது. விரல் வைத்தால் அரிசிமாவு போல ஒட்டியது. கிரீம் சுவராக இருந்தால் கண்ணில் பட்டிருக்காது, இந்த நிறத்தில் கூடத்துக்குள் நுழைந்ததுமே தெரிந்தது. பெயிண்டைச் சுரண்டி எடுத்தபோது அதன் அடியில் சுவரைச் சமன்செய்யப் பூசிய பட்டியும் சேர்ந்தே வந்தது. அன்று நான் அழுதுவிட்டேன்.

ஐப்பசி, கார்த்திகை மழை குடித்த சுவர் தைக்குள் காயாது. கடற்காற்று வேறு. மாசிக் கடைசியில் ஒரு முழ பாலிதீன் தாளைச் சுவரின் அடியில், நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். பிரிக்கும்போது உள்பக்கம் நீர் முத்து கோத்திருந்தால் பங்குனி வரை பொறுங்கள். ஏற்கெனவே உப்பு இருந்தால் தண்ணீர் விட்டுக் கழுவாமல் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள். தாள் காய்ந்து வந்த அன்று பெயிண்டரைக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
அக்கா